கேலக்ஸி படம் சொதப்புகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கேலக்ஸிப் படம் கெட்டுப்போனால் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது டெலஸ்கோப்பை, அடுத்தது கேமராவை. இவை இரண்டும் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். மவுண்ட் (டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் அடித்தளம்), ஃபோகஸ், வானத்தின் வெளிச்சம், மொத்தம் எடுத்த நேரம் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். ஒவ்வொன்றும் படத்தில் தனக்கென ஒரு தடயத்தை விட்டுப் போகும். அந்தத் தடயத்தைப் படிக்கத் தெரிந்தால் புது உபகரணம் வாங்கும் செலவு மிச்சம்.

கீழே வரும் கணக்குகள் பரவலாகப் புழங்கும் ஒரு செட்டப்பை வைத்துப் போட்டவை: 150 மி.மீ. விட்டமும் 750 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடிகளால் ஒளியைக் குவிக்கும் டெலஸ்கோப்), 4.3 மைக்ரான் பிக்சல் உள்ள 18 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர், மோட்டார் பொருத்திய ஈக்வடோரியல் மவுண்ட் (பூமியின் அச்சுக்கு இணையாக வைத்து, வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்புவது). உங்களுடையது வேறு என்றால் ஒரே சூத்திரம் போதும்: பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206 ஆல் பெருக்கி, மி.மீ.யில் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சலுக்கு எத்தனை ஆர்க் செகண்ட் என்று வரும் (டிகிரியில் 60 இல் ஒரு பங்கு ஆர்க் மினிட், அதில் 60 இல் ஒரு பங்கு ஆர்க் செகண்ட்). இந்த செட்டப்புக்கு அது 1.18. முழு ஃபிரேம் வானத்தில் 1.7 டிகிரிக்கு 1.1 டிகிரி. 11 ஆர்க் மினிட் அகலமுள்ள எம்51 சுழல் கேலக்ஸி 5,184 பிக்சல் அகலப் படத்தில் சுமார் 560 பிக்சல்தான் பிடிக்கும். "என் படத்தில் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே" என்பது பிழையே அல்ல, அதன் அளவே அவ்வளவுதான்.

பிழை தேடும்போது ஸ்டாக் செய்த (பல ஃபிரேம்களை ஒன்றாக அடுக்கிச் சேர்த்த) படத்தைத் திறக்காதீர்கள். அறுபது ஃபிரேமைச் சராசரி எடுத்ததும் தடயங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒற்றை ரா கோப்பைத் திறந்து, 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, நடுவையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். அதன் பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கேமரா மாட்டினால் ஃபோகஸே கிடைக்கவில்லை

ஐபீஸில் பளிச்சென்று தெரிந்த நிலா, கேமராவில் வட்டமான வெளிச்சமாக மட்டும் தெரியும். ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளினாலும் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் தேவலாம் என்றிருக்கும். நியூட்டோனியன்களில் இது சகஜம். கேனான் டிஎஸ்எல்ஆரில் சென்சார் மவுண்ட் விளிம்பிலிருந்து 44 மி.மீ. உள்ளே இருக்கிறது, நிக்கானில் 46.5 மி.மீ. கேமராவை டெலஸ்கோப்போடு இணைக்கும் டி-ரிங்கையும் சேர்த்தால் 55 மி.மீ. பார்வைக்கென்றே வடிவமைத்த குழாயில் அவ்வளவு இடம் விட்டிருக்க மாட்டார்கள்.

முதலில் ஃபோகஸரில் உள்ள அடாப்டர்களைக் கழற்றிப் பாருங்கள். பல டெலஸ்கோப்புகளில் 1.25 அங்குல அடாப்டரின் வெளிப்புறத்திலேயே டி-ரிங்குக்கான மரை இருக்கும். மூக்குக் குழாயைச் செருகுவதை விட்டு டி-ரிங்கை நேரே அதில் திருகினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே தீரும். தீராவிட்டால் பிரைமரி கண்ணாடியை (குழாயின் அடியில் உள்ள பெரிய கண்ணாடி) மேலே நகர்த்த வேண்டும். கண்ணாடியின் சாய்வைச் சரிசெய்யும் கோலிமேஷன் போல்ட்களையும் ஸ்பிரிங்குகளையும் நீளமாக மாற்றி 20 முதல் 30 மி.மீ. வரை தூக்கலாம். குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸ் போட்டாலும் ஃபோகஸ் வரும், கடைக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எஃப்/5 அப்போது எஃப்/10 ஆகிவிடும், அதே வெளிச்சத்துக்கு நான்கு மடங்கு நேரம் வேண்டும். கிரகங்களுக்கு அது சரி, கேலக்ஸிக்கு வேண்டாம்.

ரிஃப்ராக்டரில் (லென்ஸ் டெலஸ்கோப்) இதற்கு நேர் எதிர்: ஒளியை ஐபீஸுக்குத் திருப்பும் டயகனலை எடுத்துவிட்டதால் ஃபோகஸர் முழுக்க வெளியே வந்தும் எட்டாது. ஒரு நீட்டிப்புக் குழாய் போட்டால் முடிந்தது.

15 நொடி எடுத்தேன், நட்சத்திரம் இருக்கிறது, கேலக்ஸி இல்லை

டெலஸ்கோப் வேறு எங்கோ பார்க்கிறது என்பதே முதல் சந்தேகமாக இருக்கட்டும். ஐஎஸ்ஓ 6400, 15 நொடி வைத்து ஒரு சோதனை ஃபிரேம் எடுத்து, அஸ்டாப் போன்ற பிளேட் சால்விங் மென்பொருளில் போடுங்கள். நட்சத்திரங்களின் அமைப்பை வைத்து, குழாய் எங்கே நோக்குகிறது என்று சில நொடிகளில் சொல்லிவிடும். லேப்டாப் இல்லையென்றால் அடையாள நட்சத்திரம் வேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் உள்ள அல்கைடிலிருந்து மூன்றரை டிகிரி தள்ளி எம்51. அல்கைடும் அருந்ததிக்குத் துணையான வசிஷ்டரும் இரு முனைகள் என்றால், ஏறத்தாழ சமபக்க முக்கோணத்தின் மூன்றாவது முனையில் எம்101.

சரியான இடத்தைப் பார்த்தும் தெரியவில்லை என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த கேலக்ஸி கடினமானது. பட்டியலில் போட்டிருக்கும் பிரகாச எண்ணை (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) நம்பி ஏமாறாதீர்கள். எம்101 இன் மொத்தப் பிரகாசம் 7.9, எம்82 இன் பிரகாசம் 8.4. எண்ணைப் பார்த்தால் எம்101 தான் சுலபம் என்று தோன்றும். ஆனால் அந்த வெளிச்சம் கிட்டத்தட்ட முழுநிலா அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. நகர வானத்தில் அது மூழ்கிவிடும், எம்82 தெரியும்.

இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் எம்81, எம்82 இல் தொடங்கச் சொல்கின்றன. கோயம்புத்தூரின் 11 டிகிரி அட்சரேகையிலிருந்து எம்81 உச்சத்துக்கு வரும்போதே 32 டிகிரி உயரம்தான். மேலே இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றையும் தூசியையும் கடந்து அதன் ஒளி வரவேண்டும். நமக்கு வாய்த்தவை வேறு. சோம்ப்ரேரோ என்கிற எம்104 67 டிகிரிக்கு ஏறும், எம்83 49 டிகிரிக்கு. ஐரோப்பாவில் அடிவானப் புகையில் கிடக்கும் என்ஜிசி 253 இங்கே 54 டிகிரி. கன்னி ராசியில் உள்ள எம்87 ஐயும் மார்க்கேரியன் சங்கிலி என்ற கேலக்ஸி வரிசையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம், தலைக்கு நேர் மேலே போகின்றன. எம்104 சிறியது, பிரகாசமானது, நடுவில் உள்ள தூசிப்பட்டை ஒற்றை ஃபிரேமிலேயே தெரியும். முதல் கேலக்ஸிக்கு அதை மிஞ்ச ஒன்றில்லை.

என்ஜிசி 253 நீங்கலாக மற்றவற்றுக்கு மார்ச் முதல் மே வரை காலம். ஆந்திரமேடா என்கிற எம்31 மாலையில் உச்சிக்கு வருவது அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக்கும் அதுவே காலம். அதனால் ஜனவரியில் இருட்டியவுடனே எடுத்துவிடுவது நல்லது.

கடைசியாக, குழாயில் யுஹெச்சி போன்ற நெபுலா ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றுங்கள். கேலக்ஸியின் ஒளி கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் ஒளி. அது எல்லா நிறங்களிலும் விரவியிருக்கிறது. அந்த ஃபில்டர் வானத்தோடு கேலக்ஸியையும் சேர்த்தே வெட்டும். சோடியம் விளக்கு மஞ்சளை வெட்டிய பழைய ஃபில்டர்களும் இன்றைய வெள்ளை எல்இடி தெருவிளக்குகளுக்கு முன்னால் பெரிதாக உதவாது.

நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான். முதலில் எந்தத் திசையில் இழுபடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 30 நொடி எக்ஸ்போஷரைத் தொடங்கி, முதல் 10 நொடி சும்மா விட்டு, பிறகு மவுண்ட்டின் ரிமோட்டில் ஆர்.ஏ. (கிழக்கு மேற்கு) பொத்தானை மிகக் குறைந்த வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள். படத்தில் உள்ள நீண்ட கோடு ஆர்.ஏ. திசை. அதற்குச் செங்குத்தானது டெக் (வடக்கு தெற்கு) திசை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போல்ட்டைத் திருகுவது வீண் வேலை.

*டெக் திசையில் இழுத்தால்* போலார் அலைன்மென்ட் (மவுண்ட்டின் அச்சை வானத் துருவத்தை நோக்கி வைப்பது) சரியில்லை. அச்சு 5 ஆர்க் மினிட் தவறினால் மோசமான இடத்தில் நிமிடத்துக்கு 1.3 ஆர்க் செகண்ட் நகரும். இரண்டு நிமிட ஃபிரேமில் அது 2 பிக்சல், சமாளிக்கலாம். அரை டிகிரி தவறினால் இரண்டு நிமிடத்தில் 13 பிக்சல், தாங்காது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. துருவ நட்சத்திரம் சென்னையில் 13 டிகிரி, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும் அதை மறைக்க. தெரிந்தாலும், 10 டிகிரி உயரத்தில் காற்றின் ஒளிவிலகல் அதை 5 ஆர்க் மினிட்டுக்கு மேல் தூக்கிக் காட்டும். மவுண்ட்டின் அச்சில் உள்ள போலார் ஸ்கோப்பில் கச்சிதமாக வைத்த அலைன்மென்ட்டிலும் அவ்வளவு பிழை ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்த அட்சரேகையில் போலார் ஸ்கோப்பைத் தோராயத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை வானத்தின் உயரமான பகுதியைப் பார்த்துச் சரிசெய்யும் முறைக்கு விடுங்கள். லேப்டாப் இருந்தால் நினா மென்பொருளின் மூன்று புள்ளி அலைன்மென்ட்டுக்குத் துருவமே தெரியவேண்டியதில்லை. லேப்டாப் இல்லாதவர்களுக்குப் பழைய டிரிஃப்ட் முறை:

1. தலைக்கு மேலே, வடக்குத் தெற்குக் கோட்டுக்கும் வான நடுவரைக்கும் அருகில் உள்ள நட்சத்திரத்தை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி வையுங்கள். ஆர்.ஏ. ஆட்டத்தைக் கண்டுகொள்ள வேண்டாம். நட்சத்திரம் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகமாகத் திரும்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. பக்கவாட்டு போல்ட்டைத் திருகுங்கள்.
2. பிறகு கிழக்கே 20 டிகிரி உயரத்தில் ஒரு நட்சத்திரம். தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நகர்ந்தால் உயர்ந்திருக்கிறது. உயர போல்ட்டைத் திருகுங்கள்.
3. ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள்.

அச்சு இவ்வளவு படுத்திருப்பதால் கவுண்டர்வெயிட் கம்பி வடக்கு டிரைபாட் காலில் இடிக்கும். டிரைபாடைத் திருப்பி இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வரும்படி வைக்க உங்கள் மவுண்ட் இடம் கொடுத்தால் அப்படி வையுங்கள். இல்லையென்றால் மவுண்ட்டுக்கும் டிரைபாடுக்கும் நடுவே ஒரு நீட்டிப்புத் தூண் போட வேண்டும். எம்87 போல உச்சியைக் கடக்கும் கேலக்ஸிகளில் கேமராவோ குழாயின் வால்பகுதியோ காலில் மோதும். மோதியபின் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லா ஃபிரேமும் நாசம். உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, குழாயை மறுபக்கம் புரட்டிவிட்டுத் தொடருங்கள்.

*ஆர்.ஏ. திசையில் இழுத்தால்* மவுண்ட்டைத் திருப்பும் வார்ம் கியரின் பிழை. இது சீராக இருக்காது, ஆடி ஆடி வரும். ஹெச்இக்யூ5 மவுண்ட்டில் வார்ம் ஒரு சுற்றுச் சுற்ற 638 நொடி, இக்யூ6 இல் 479 நொடி. அந்தச் சுற்றில் சில இடங்களில் நட்சத்திரம் வேகமாக நழுவும், சில இடங்களில் அப்படியே நிற்கும். "பத்து ஃபிரேமில் ஆறு நல்லது, நாலு மோசம்" என்ற அறிகுறி இதுதான். கைடிங் (இன்னொரு சிறு கேமரா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து மவுண்ட்டைத் திருத்திக்கொண்டே இருப்பது) இல்லாதவர்கள் எக்ஸ்போஷரை 30 நொடிக்குக் குறைத்து, கெட்டதை வடிகட்டிவிட்டு மீதியை ஸ்டாக் செய்யலாம். கேவலமான வழி ஒன்றுமில்லை, பல நல்ல படங்கள் அப்படித்தான் வந்திருக்கின்றன. ஆர்.ஏ. அச்சைச் சரியான சமநிலையில் விடாமல் கிழக்குப் பக்கம் துளி எடை கூடுதலாக வைத்தால் கியர்ப்பற்கள் ஒரே பக்கம் அணைந்து நிற்கும், துள்ளல் குறையும்.

*எல்லாத் திசையிலும் கன்னாபின்னாவென்று இழுத்தால்* காற்று, தளர்ந்த திருகு, மொட்டைமாடியில் யாரோ நடப்பது, தொங்கும் கேபிள் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். டிரைபாட் கால்களை நீட்டாமல் குட்டையாக வையுங்கள். மவுண்ட் தாங்கும் என்று போட்டிருக்கும் எடையில் பாதிக்கு மேல் படமெடுக்கும்போது ஏற்ற வேண்டாம்.

*கைடிங் வரைபடம் அழகாக இருக்கிறது, படம் மட்டும் இழுத்திருக்கிறது* என்பது வேறு கதை. கைடிங் மென்பொருளான பிஹெச்டி2 இல் மொத்த ஆர்எம்எஸ் (சராசரிப் பிழை) 0.8 என்று காட்டும், ஐந்து நிமிட ஃபிரேமில் நட்சத்திரம் முட்டையாக இருக்கும். கைடு ஸ்கோப்பும் முதன்மைக் குழாயும் தனித்தனியாகத் தொய்கின்றன. நைலான் திருகில் ஆடும் கைடு ஸ்கோப் ரிங், ஃபோகஸரில் கேமராவின் எடைக்குத் தொய்யும் குழாய், பூட்டப்படாத பிரைமரி கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். உடனடி நிவாரணம், எக்ஸ்போஷரை இரண்டு நிமிடத்துக்குக் குறைப்பது.

*நடுவில் புள்ளி, ஓரங்களில் வட்ட வில்* என்றால் ஃபீல்டு சுழல்கிறது. மேலும் கீழும், பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அசிமுத் மவுண்ட்டாக இருந்தால் அது இயல்பு, 15 முதல் 20 நொடிக்கு மேல் போகாதீர்கள். ஈக்வடோரியல் மவுண்ட்டில் வந்தால் திரும்பவும் போலார் அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.

நட்சத்திரம் கோடாக இல்லை, ஆனால் கொழுத்திருக்கிறது

எஃப்/5 இல் சரியான ஃபோகஸுக்கான இடைவெளி 67 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமன். எஃப்/4 இல் 43. கண்ணால் பார்த்துத் திருப்பினால் கிடைக்காது. பாட்டினோவ் மாஸ்க்கை (நட்சத்திரத்தில் மூன்று ஒளிக்கோடுகளை உண்டாக்கும் பிளவுகள் கொண்ட தட்டு) குழாயின் வாயில் மாட்டி, பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, நடுக்கோடு மற்ற இரண்டின் வெட்டுப்புள்ளியில் நிற்கும்வரை திருப்புங்கள். பூட்டுத் திருகை இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும். மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள்.

இரவு எட்டு மணிக்கு நன்றாக இருந்த ஃபோகஸ் பதினொன்றுக்குக் கெட்டிருந்தால் குழாய் குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கொருமுறை சரிபாருங்கள். நியூட்டோனியனில் மாஸ்க் இல்லாமலே ஒரு தடயம் உண்டு: பிரகாசமான நட்சத்திரத்தின் நான்கு கூர்க்கதிர்களும் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து தெரிந்தால் ஃபோகஸ் நழுவிவிட்டது.

நட்சத்திரத்தின் வடிவம் விசித்திரமாக இருக்கிறது

மூலைகளில் மட்டும், நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி வால் வைத்தது போல இருந்தால் நியூட்டோனியனின் இயல்பான கோமா. கோமா கரெக்டர் போட்டால் போகும். கரெக்டரிலிருந்து சென்சாருக்குப் பெரும்பாலான தயாரிப்புகளில் 55 மி.மீ. இருக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரும் டி-ரிங்கும் சேர்ந்தால் தானாகவே அது வரும். மிரர்லெஸ் கேமராவில் வராது. சோனியில் சென்சார் 18 மி.மீ. ஆழத்தில்தான் இருப்பதால் 37 மி.மீ. அடாப்டர் வேண்டும்.

ஒரு மூலை நன்றாக, எதிர்மூலை மோசமாக இருந்தால் கோலிமேஷன் தவறு, அல்லது கேமரா சாய்ந்திருக்கிறது. கேமராவை மட்டும் 90 டிகிரி திருப்பி இன்னொரு ஃபிரேம் எடுங்கள். படத்தின் அதே மூலையிலேயே கோளாறு நின்றால் கேமரா அல்லது டி-ரிங். வேறு மூலைக்குப் போய்விட்டால் குற்றம் குழாயில்.

எல்லா நட்சத்திரங்களும் முக்கோணமா? பிரைமரி கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் இறுக்கிப் பிடித்துக் கண்ணாடியை வளைக்கின்றன. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். ஒரு பக்கம் கடித்தது போல இருந்தால் ஃபோகஸர் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டு ஒளிப்பாதையை மறைக்கிறது.

நீல ஊதா ஒளிவட்டம் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றி மட்டும் வந்தால் அது சாதாரண அக்ரோமாட் ரிஃப்ராக்டரின் குணம். மென்பொருளில் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

நேரம் போகப் போகப் படம் பால்போல வெளுக்கிறது

நட்சத்திரங்களைச் சுற்றி மென்மையான மங்கல் படர்ந்து, கேலக்ஸி மெல்ல மறைந்தால் பனி படிந்திருக்கிறது. கடலோர ஊர்களில் நள்ளிரவுக்குப் பின் கிட்டத்தட்ட நிச்சயம். நியூட்டோனியனில் முதலில் நனைவது செகண்டரி கண்ணாடி, ரிஃப்ராக்டரில் முன் லென்ஸ். துணியால் துடைக்காதீர்கள். 12 வோல்ட் ஹீட்டர் பட்டையைச் சுற்றுங்கள், குழாயின் வாயில் அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளத்துக்குக் கறுப்பு ஃபோம் ஷீட்டைச் சுருட்டி மாட்டுங்கள். ஏசி அறையிலிருந்து டெலஸ்கோப்பை நேரே மாடிக்கு எடுத்துப் போனால் பத்தே நிமிடத்தில் இதே கதி. ஒரு மணி நேரம் முன்பே மூடியைக் கழற்றாமல் வெளியே வைத்துவிட வேண்டும்.

ஸ்டாக் செய்தால் வெறும் கறுப்பு

பயப்படாதீர்கள், படம் உள்ளேதான் இருக்கிறது. ஸ்டாக் கோப்பு நேரியல் அளவில் இருப்பதால் முழு வெளிச்சமும் ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) இடது ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். சிரில் என்ற மென்பொருளில் காட்சியை ஆட்டோஸ்ட்ரெட்ச்சுக்கு மாற்றினால் கேலக்ஸி எழும்பும். வரிசை முக்கியம்: ஓரங்களை வெட்டுதல், பின்னணிச் சாய்வை நீக்குதல், நட்சத்திரங்களை வைத்து நிறம் சரிசெய்தல், அதற்கப்புறம் ஸ்ட்ரெட்ச் (மங்கலானதைத் தூக்கிக் காட்டுவது). பச்சைப் படலம் தெரிவது சென்சார் பச்சை ஒளியைக் கூடுதலாக உணர்வதால். நிறம் சரிசெய்ததும் போய்விடும்.

வானத்தைக் கரிய நிறமாக்கும் ஆசையில் கறுப்பு ஸ்லைடரை ஹிஸ்டோகிராம் மேட்டுக்குள் இழுப்பதுதான் எடிட்டிங்கில் நடக்கும் பெரிய அநியாயம். கேலக்ஸியின் வெளிக்கரங்கள் வானத்தைவிடச் சில சதவீதமே கூடுதல் வெளிச்சம் கொண்டவை. வானத்தோடு சேர்த்து அவற்றையும் வெட்டி எறிந்துவிடுவீர்கள். 255 இல் 20 முதல் 30 வரை வானம் இருக்கட்டும்.

ஸ்டாக் செய்யும் மென்பொருளான டீப்ஸ்கைஸ்டாக்கர் "ஒரு ஃபிரேம் மட்டுமே ஸ்டாக் ஆகும்" என்று சொன்னால் அதற்குப் போதிய நட்சத்திரம் கிடைக்கவில்லை. நட்சத்திரம் கண்டறியும் வரம்பைக் குறைத்துக்கொண்டே வந்து, ஃபிரேமுக்கு நூறு நட்சத்திரம் காட்டும் இடத்தில் நிறுத்துங்கள். ஆயிரக்கணக்கில் காட்டினால் நாய்ஸையும் எண்ணுகிறது என்று அர்த்தம்.

மூலைகள் இருண்டு, நடுவில் வளையக் கறைகள்

ஃபிளாட் ஃபிரேம் (ஒரே சீரான வெளிச்சத்தை எடுத்த படம்) எடுக்கவில்லை, அல்லது தவறாக எடுத்திருக்கிறீர்கள். கேமராவைக் கழற்றாமல், ஃபோகஸைத் தொடாமல், அதே ஐஎஸ்ஓவில், குழாயின் வாயில் வெள்ளைப் பனியனை இழுத்துக் கட்டி, விடியல் வானத்தையோ டேப்லெட்டின் வெள்ளைத் திரையையோ நோக்கி 25 ஃபிரேம். ஹிஸ்டோகிராம் மேடு நடுவில் நிற்க வேண்டும். மூடியைப் போட்டு, இருப்பதிலேயே வேகமான ஷட்டரில் 50 பயஸ் ஃபிரேம் (சென்சாரின் அடிப்படை அளவைப் பதிவது).

ஃபிளாட் போட்டபின் மூலைகள் வெளுத்துத் தெரிந்தால் கேலக்ஸியை எடுத்த லைட் ஃபிரேமிலிருந்து டார்க்கோ (மூடியைப் போட்டு அதே எக்ஸ்போஷரில் எடுத்தது) பயஸோ கழிக்கப்படவில்லை. மூலைகள் இன்னும் இருட்டாகவே இருந்தால் ஃபிளாட்டிலிருந்து பயஸ் கழிக்கப்படவில்லை. பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டு பழியை ஃபிளாட்டின் மேலேயே போடுவார்கள்.

வளையக் கறையை உண்டாக்கும் தூசி எங்கே இருக்கிறது என்றும் கணக்குப் போடலாம். வளையத்தின் விட்டம் 100 பிக்சல் என்றால் 0.43 மி.மீ., அதை எஃப் எண் 5 ஆல் பெருக்கினால் 2.15 மி.மீ. அப்படியென்றால் தூசி சென்சாரை மூடியிருக்கும் கண்ணாடியில். புளோயரால் ஊதினால் போதும், டெலஸ்கோப் கண்ணாடியைக் கழுவ வேண்டியதில்லை.

சாய்மழை போன்ற கோடுகள், நிறப் புள்ளிகள்

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் பின்னணியில் எல்லாம் ஒரே திசையில் வழிந்தோடுவது போல இருக்கும். ஃபிரேமுக்கு ஃபிரேம் வானம் மெல்ல நகர, சென்சாரின் கெட்ட பிக்சல்கள் ஸ்டாக்கில் கோடு போட்டுக்கொண்டு போகின்றன. மருந்து டிதரிங். இரண்டு மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை டெலஸ்கோப்பை ஏதாவதொரு திசையில் 12 பிக்சலாவது நகர்த்த வேண்டும். 200 மி.மீ. கைடு ஸ்கோப்பும் 3.75 மைக்ரான் கைடு கேமராவும் என்றால் பிஹெச்டி2 இல் 4 பிக்சல் கொடுத்தால் முதன்மைப் படத்தில் 13 வரும். கைடிங் இல்லையென்றால் ஐந்து ஃபிரேமுக்கு ஒருமுறை ரிமோட்டில் லேசாகத் தட்டிவிடுங்கள், ஒவ்வொரு முறையும் வேறு திசையில். சராசரியிலிருந்து விலகும் பிக்சல்களை ஒதுக்கும் கப்பா-சிக்மா முறையில் ஸ்டாக் செய்தால் செயற்கைக்கோள் கோடுகளும் சேர்ந்து மறையும். அதற்குக் குறைந்தது 15 ஃபிரேமாவது வேண்டும்.

சூடும் இதில் பங்காளி. சென்சாரில் வெப்பத்தால் உண்டாகும் மின்னோட்டம் ஏறத்தாழ 6 டிகிரிக்கு இரட்டிப்பாகும். குளிர்நாட்டில் பூஜ்ய டிகிரியில் எடுத்தவரோடு ஒப்பிட்டால் 24 டிகிரி இரவில் நமக்கு 16 மடங்கு. டார்க் ஃபிரேமை மறுநாள் பகலில் எடுக்காதீர்கள். அதே இரவில், அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓவில் மூடியைப் போட்டு 20 ஃபிரேம். கேமராவுக்குள்ளேயே உள்ள நீள்எக்ஸ்போஷர் நாய்ஸ் குறைப்பை அணைத்துவிடுங்கள், பாதி இரவை அதுவே தின்றுவிடும். ஃபோகஸ் முடிந்ததும் லைவ் வியூவையும் அணையுங்கள், சென்சார் சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நடுப்பகுதி எரிந்துவிட்டது

எம்31 இல் மட்டும்தான் இது பெரிய தொல்லை. இரண்டு நிமிட ஃபிரேம்களோடு 20 நொடியில் ஒரு தொகுதியும் எடுத்து, தனியாக ஸ்டாக் செய்து, நடுப்பகுதியை மாஸ்க் போட்டு மாற்றுங்கள். மற்ற கேலக்ஸிகளில் நடு எரிந்தால் ஸ்ட்ரெட்ச்சைக் குறைத்தால் போதும்.

எல்லாம் சரி, ஆனால் சுழல் கரங்களில் விவரமே இல்லை

மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம் வீதம் முப்பது ஃபிரேம் என்றால் அரை மணிதான். சிக்னலுக்கும் நாய்ஸுக்குமான விகிதம் நேரத்தின் வர்க்கமூலமாகவே ஏறும், இரண்டு மடங்கு சுத்தமான படத்துக்கு நான்கு மடங்கு நேரம். எம்104 க்கு ஒன்றரை மணி, எம்51 க்கும் எம்83 க்கும் மூன்று மணி, எம்101 க்கு ஐந்து மணிக்குக் குறையாமல் என்று திட்டமிடுங்கள். ஐஎஸ்ஓ 800 அல்லது 1600 போதும். கேமராவின் பின்திரையில் ஹிஸ்டோகிராம் மேடு இடது ஓரத்திலிருந்து விலகி, கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். நகரத்தில் அது 30 நொடியிலேயே அங்கே வந்துவிடும், அதற்கு மேல் ஒற்றை ஃபிரேமை நீட்டிப் பயனில்லை.

வானம்தான் மிச்சக் கணக்கு. சதுர ஆர்க் செகண்டுக்கு 18.5 பிரகாச எண்ணுள்ள நகர வானத்துக்கும் 21.5 எண்ணுள்ள இருண்ட வானத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் 16 மடங்கு. மலையில் ஒரு மணி நேரத்தில் கிடைப்பதை நகர மாடியில் எடுக்க 16 மணி வேண்டும். வைணு பாப்பு வானாய்வகம் ஜவ்வாது மலையில் காவலூரில் அமைந்ததற்கு அங்குள்ள இருட்டும் ஒரு காரணம். அந்த மாதிரி இடத்தில் அமாவாசையை ஒட்டிய ஒரே இரவு, நகரத்தில் ஒரு சீசன் முழுக்க எடுத்ததற்கு ஈடாகும்.

அப்படியும் மிக நுண்ணிய விவரம் தெரியாவிட்டால், காற்றின் கலக்கம் நட்சத்திரத்தை எப்படியும் 2 முதல் 3 ஆர்க் செகண்ட்டுக்குப் பரப்பிவிடும். உங்கள் பிக்சல் 1.18. படத்தைப் பாதி அளவுக்குக் குறைத்து வெளியிட்டால் உண்மையான விவரம் பெரிதாக இழப்பாகாது, நாய்ஸ் மட்டும் பாதியாகும்.